சுண்ணாம்பு காற்றுக்குத் திரும்பாது

அன்புள்ள மாமாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அடிக்கவில்லை. மாமனாருக்கு எழுதும் கடிதம் அப்படித்தானே தொடங்கும்? இருந்துவிட்டுப் போகட்டும்.

கல்லறைத் திருநாளுக்குக் கோயிலில் போடும் நினைவு மலரில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் கேட்டபோது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன், இரண்டாம் வருடம் வேலை என்றேன். "எங்கப்பாவுக்கு ஒரு பக்கம் எழுத உனக்கு மூணு வருஷமா நேரமே வர்ல, இல்ல?" என்று உங்கள் மகன் பிரபு குத்திக் காட்டினார். இப்போது நேரம் வந்திருக்கிறது. அவர் எதிர்பார்த்த பக்கம் இதுவல்ல என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் நான்கு நாளாக என்னோடு பேசுவதில்லை.

ஜெனி நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நெஞ்சில் போட்டுத் தூங்கவைத்த பிள்ளைக்கு நான்கு வயதாகிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பஸ்ஸில் எழுதியிருப்பதை எல்லாம் உரக்கப் படித்து மானத்தை வாங்குகிறாள். அவள் உயிரோடும் நலமாகவும் இருப்பதில் உங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை, மாமா. எனக்கும் இல்லை. சும்மா தப்பித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

என் வேலையைப் பற்றித் தெருவில் எல்லோரிடமும், "எம் மருமக சேட்டிலைட் ஓட்டுது" என்று சொல்வீர்களே, நினைவிருக்கிறதா? டீக்கடையில் ஒருத்தர், "ஊட்ல உக்காந்துகினேவா? ஆட்டோ ஓட்ற மாதிரியா?" என்று கேட்க, "அதுக்கு லைசென்சு வேற" என்றீர்களாம். கல்யாணமான புதிதில் அத்தை என்னை வேலையை விடச் சொன்னபோது, "அது படிச்சதெல்லாம் அடுப்புல போட்டு எரிக்கறதுக்கா?" என்று நீங்கள்தான் நின்றீர்கள். அந்த நன்றி ஒன்றுதான் இவ்வளவு நாள் என் வாயைக் கட்டி வைத்திருந்தது.

நான் சேட்டிலைட் ஓட்டவில்லை. அது எடுத்து அனுப்பும் படத்தைப் பார்க்கிறேன். நம் கண் பார்க்கும் நிறங்கள் கொஞ்சம்தான். அந்தக் கருவி, தரையில் பட்டு மேலே திரும்பும் வெயிலை நூற்றுக்கணக்கான மெல்லிய கீற்றுகளாகப் பிரித்துப் பார்க்கும். அதில் பெரும்பாலானவை நம் கண்ணுக்கு எட்டாதவை. கழிவு அழுகும்போது மீத்தேன் என்று ஒரு வாயு வரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆனால் அது இருக்கும் இடத்தில் சில கீற்றுகள் மட்டும் மெலிந்துபோகும். வாயு அந்த ஒளியைத் தின்றுவிடும். எந்த இடத்தில் கீற்று மெலிகிறதோ, அங்கே கம்ப்யூட்டர் ஒரு சிவப்புத் திட்டு போட்டு என்னிடம் அனுப்பும். அது நிஜமா, பொய்யா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

பொய்யும் வரும். இந்த வேலையில் அதுதான் பெரிய பேஜார். வெயிலிலும் மழையிலும் கிடந்து இறுகிய பழைய சுண்ணாம்பும் ஏறக்குறைய அதே கீற்றைத்தான் தின்னும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பார்க்கிற ஆள்தான் இடத்தைப் புரிந்துகொண்டு பிரிக்க வேண்டும்.

போன கோடையில் என் திரையில் ஆம்பூர் வந்தது. ஊருக்கு வெளியே, நீங்கள் முப்பது வருடம் யார்டு மேஸ்திரியாக இருந்து, பிறகு மூடிப்போன அந்தத் தோல் ஆலையின் நிலம். அதில் நாம் எல்லோரும் சுண்ணாம்பு மேடு என்று சொல்லும் இடத்தில் மங்கலாக ஒரு சிவப்புத் திட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் கொஞ்சம் வால் போல நீண்டிருந்தது. லாரி போய்வந்த தடத்தில் சிந்திய சுண்ணாம்பு என்று முடிவுகட்டினேன். ஏன் தெரியுமா? நீங்கள் சொல்லியிருந்தீர்கள். "அந்த மேட்டுல இன்னா கீது? தோலுக்குப் போட்ட சுண்ணாம்புதான். கரையான் கூட வராது." அதே வார்த்தையை வேதவாக்கு போல எடுத்துப் போட்டு, 'பொய். பழைய சுண்ணாம்பு. எனக்கு நேரில் தெரிந்த இடம்' என்று குறிப்பு எழுதினேன். என் மேலதிகாரி, ஊர் தெரிந்தவர்கள் இருப்பது எவ்வளவு நல்லது என்று பாராட்டி எழுதினார். அந்த இடத்தை இனிமேல் காட்ட வேண்டாம் என்று கம்ப்யூட்டருக்கும் சொல்லிவிட்டார்கள்.

அதாவது, மாமா, வானத்திலிருந்து பார்த்த ஒரு கண்ணை நான் உங்கள் வார்த்தையை வைத்து மூடினேன். அதே மேட்டின் மேல்தான் என் பிள்ளை தினமும் பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆமாம், அந்தப் பாலர் பள்ளி. ஆலை மூடி நிலத்தை மனை மனையாக விற்றபோது, பள்ளி கட்ட இடம் வாங்கியவர்கள் உங்களிடம் வந்து கேட்டார்கள். "தாராளமா கட்டுங்க, வெறும் சுண்ணாம்பு" என்றீர்கள். பள்ளி வாசலில் கருங்கல்லில் உங்கள் பெயரும் இருக்கிறது, நிலம் சீர்செய்ய உதவியவர் என்று. தாத்தா பெயர் இருக்கும் பள்ளி என்றுதானே ஜெனியை அங்கே சேர்த்தோம்? முதல் நாள் அவளை அந்தக் கல் பக்கத்தில் நிற்கவைத்துப் பிரபு போட்டோ எடுத்தார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். அங்கே சமையல் செய்யும் தனம் அக்கா சொல்லித் தெரிந்தது. ஒரு மதியம் ஜெனியை அழைத்துவரப் போனபோது என்னைக் கேட் ஓரமாக இழுத்தாள்.

"ஜெனிம்மா, நீ படிச்ச பொண்ணு, சொல்லு. தீக்குச்சி கைதவறி கீழ வுழுந்துச்சு. தரை வெடிப்புல நீலமா தீ ஓடிச்சு, ஒரு முழம் இருக்கும். நான் அணைக்கவே இல்ல, அதுவே போய்டுச்சு."

"சிலிண்டர் லீக்கா இருக்கும்க்கா."

"அதத்தான் அவங்களும் சொல்லி டியூப்ப மாத்தினாங்க. சிலிண்டர் வெளியில, செவுத்துக்கு அந்தாண்ட கீது. டியூப் மாத்தி மறுநாளும் ஓடிச்சு. இது இன்னா லீக்கு? இவங்க இன்னாடான்னா என்னைப் பாத்து, 'தனம், காலைல இன்னா சாப்ட்டு வந்த'ன்னு சிரிக்கறாங்க."

நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, நான் பொய் என்று எழுதி ஒதுக்கிய படத்தைத் திரும்ப எடுத்தேன். வேறு நாட்களில் எடுத்த படங்களையும் தேடி எடுத்து வரிசையாக வைத்தேன். ஒரு நாள் அந்த வால் ரயில் பாதைப் பக்கம் நீண்டிருந்தது. இன்னொரு நாள் மலைப் பக்கம். மூன்றாவது படத்தில் பள்ளிக்கூடக் கூரையின் மேலேயே படுத்துக் கிடந்தது. அந்தந்த நாள் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று பார்த்தேன். வால் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது.

சுண்ணாம்பு காற்றுக்குத் திரும்பாது, மாமா.

மேலதிகாரிக்கு எழுதினேன். படம் மிக மங்கல், கருவியால் பார்க்க முடிவதன் கடைசி எல்லையில் இருக்கிறது, இதை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது, தரையில் அளக்க வேண்டும் என்றார். நியாயம்தான். பள்ளித் தாளாளரிடம் போனேன். அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "உங்க மாமனாரே சொல்லித்தானே கட்னோம்? நாத்தம் கூட இல்லியேம்மா." உங்கள் பெயரை வைத்தே என் வாயை அடைத்தார்.

என்னோடு படித்த ஒருத்தி வேலூரில் ஒரு கல்லூரியில் இருக்கிறாள். அவளிடம் இந்த வாயுவை அளக்கும் கையடக்க மீட்டர் ஒன்றைக் கெஞ்சி வாங்கிவந்தேன். தாளாளர் கண்முன்னால், சமையலறைத் தரை வெடிப்பின் மேல் வைத்தேன். அது கத்திய கத்தலில் பக்கத்து அறையில் தூங்கிய பிள்ளைகள் எல்லாம் எழுந்து அழுதார்கள். எழுந்து உட்கார்ந்தவர்களில் ஜெனியும் ஒருத்தி. சமையலறை வெடிப்பு சுவருக்கு அடியில் நுழைந்து அந்த அறைக்குள்ளும் ஓடியிருந்தது. ஜெனியின் மஞ்சள் பாயின் ஓரம் அதன் மேல்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்து, "அம்மா, அது யாரு அழுவுது?" என்று கேட்டாள்.

 நல்லவேளை, தாளாளர் அன்றே பிள்ளைகளைக் கோயில் ஹாலுக்கு மாற்றிவிட்டார். இப்போது அங்கேதான் பள்ளி நடக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது? அதைச் சொல்ல இனி ஒரே ஒருவர்தான் உண்டு. உங்கள் தோஸ்த், உங்களோடு யார்டில் வேலை பார்த்த ரஃபீக் பாய். பார்வை கம்மியாகிவிட்டது, ஆனால் ஆள் நன்றாக இருக்கிறார். நான் கேட்டதும் தாடியைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தார்.

"இன்னாமா கேக்கற... தோல்லேர்ந்து சொரண்டி எடுக்கற சதை, வாலு, காது, எல்லாம் உள்ளதான். வெளிய அனுப்பணும்னு ரூலு. வண்டி வர்லன்னா எங்க போடறது? இன்ஸ்பெக்சனுக்கு மொத நாள் பழைய குழிய ரொப்புவோம். மேல சுண்ணாம்பு. உம் மாமனாரு ஒரு புடி மண்ண அள்ளி மோந்து பாப்பாரு. நாத்தம் ஜாஸ்தியா இருந்தா இன்னும் ரெண்டு வண்டி சுண்ணாம்பு. நின்னுச்சுன்னா, 'போதும்டா தோஸ்த், செத்துடுச்சு'ன்னுவாரு. அவருக்கு மூக்குதாம்மா மீட்டரு."

"சாகல பாய். சுண்ணாம்புக்கு வீரியம் இருக்கற வரைக்கும் அது அழுகாம கெடந்துச்சு. வருஷக்கணக்கா மழை கரைச்சு வீரியம் போனதும் அழுக ஆரம்பிச்சிடுச்சு."

"எங்களுக்கு நாத்தம்தாம்மா கணக்கு. நாத்தம் போச்சுன்னா வேலை முடிஞ்சுது. ஊர்ல எல்லா யார்டுலயும் அதான்."

நினைத்துப் பார்த்தால், இந்த ஊரில் வேறு எப்படி இருக்க முடியும்? பஸ் ஸ்டாண்டில் இறங்கும் வெளியூர்க்காரன் முதலில் மூக்கைத்தான் பொத்துகிறான். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட ஆலை எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். நாற்றத்துக்காகவே வாழ்நாள் எல்லாம் ஏச்சு வாங்கிய ஜனம், நாற்றம் நின்றால் பாவமே தீர்ந்தது என்று நம்பாமல் என்ன செய்யும்? "எம் யார்டுல ஈ உக்காராது" என்று நீங்கள் பெருமையடித்தது இதைத்தான். புரிகிறது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஆலையில் இருந்தபோது முதலாளிக்குப் பயந்து செய்தீர்கள், சரி. ஆனால் பள்ளி கட்ட வந்தவர்களிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள்? அப்போது உங்கள் தலைமேல் யாரும் இல்லையே! மறந்துவிட்டீர்களா? இல்லை, சொல்லிச் சொல்லிக் கடைசியில் நீங்களே நம்பிவிட்டீர்களா? அந்தத் திறப்புவிழாவில் உங்களுக்குச் சால்வை போட்டபோது, காலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று ஒரு நொடியாவது நினைத்தீர்களா? ஜெனி அங்கேதான் படிப்பாள் என்று தெரிந்திருந்தால் மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா? அப்படியென்றால் மற்றப் பிள்ளைகள் யார்?

மாவட்ட அதிகாரி வந்து பார்த்தார். மேட்டைத் தோண்டுவதற்கும், பக்கத்து மனைகளில் வீடு கட்டாமல் நிறுத்துவதற்கும், உள்ளே என்ன, எந்தப் பகுதியில், யார் சொல்லிப் புதைத்தார்கள் என்று தெரிந்த ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அங்கே ஏற்கனவே இரண்டு வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். ரஃபீக் பாய்தான் சொல்ல வேண்டும். அவர் கையைப் பிசைகிறார்.

"அவன் பேர வுட்டுட்டு எம் பேர மட்டும் எழுதுனா பொய்யி. அவன் பேர எழுதுனா, செத்த தோஸ்த காட்டிக் குடுத்தேன்னு ஆவும். ஊட்ல கேட்டு சொல்லுமா. நீங்க ஒத்துக்கினா நான் வர்றேன்."

வீட்டில் கேட்டேன். பிரபு ஜோலார்பேட்டையில் டியூட்டி முடிந்து வந்து சாப்பாட்டில் கை வைத்திருந்தார். தட்டைத் தள்ளினார்.

"இன்னா பேசற நீ? நாளைக்குக் கோயில்ல எவன் மூஞ்சில முழிக்கறது? செத்தவரு எழுந்து வந்து பதில் சொல்லுவாரா?"

"சொல்ல மாட்டாரு. அதனாலதான் நாம சொல்லணும்."

"உன்ன வேலைக்கு அனுப்புனதே அவருதான். அந்த வேலைய வச்சே அவர் பேர நாற அடிக்கற."

அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் உண்மை. "மொதல்ல நான்தான் அதப் பொய்ன்னு எழுதினேன்" என்றேன். "எம் பேரும் அதுல வரும். அவரு மூடினாரு, நான் நம்பி மூடினேன். ரெண்டையும் எழுதுவேன்."

 அத்தை பின்பக்கம் உங்கள் கல்லறைக்கு வெள்ளையடிக்கக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வாளியில் ஊறவைத்துக் கிளறிக்கொண்டிருந்தார். அந்தக் கோலோடு வந்து வாசற்படியில் நின்றார்.

"பிரபு, உங்கப்பன் கைய நீ எங்க பாத்த? நான் பாத்தேன். வெரலு வெரலா வெந்து போயிருக்கும். முப்பது வருஷம் தேங்காண்ண தடவி வுட்டேன். இன்னாங்க வேலைன்னு கேட்டா, 'சுண்ணாம்பு வேலைடி'ன்னுவாரு. கட்னவ எனக்கே மேல இருந்ததத்தான் சொன்னாரு. அடியில இருந்தத சொல்லல."

பிரபு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சும்மா இரு. அந்தத் தீ மேல பிள்ளைய படுக்க வச்சிருக்காரு. உசுரோட இருந்திருந்தா இந்தக் கோலாலயே நாலு வச்சிருப்பேன்." என் பக்கம் திரும்பினார். "பாய்கிட்ட சொல்லு, பேர எழுதச் சொல்லி. முழுப் பேரா எழுதச் சொல்லு."

அவ்வளவுதான். திரும்பிப் போய், ஊறிய சுண்ணாம்பை எடுத்துக் கோழிக் கூண்டுக்கு அடித்துவிட்டார். கோழிகள் இப்போது பளிச்சென்ற ஒரு வீட்டில் இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டே அத்தை முந்தானையால் மூக்கைச் சிந்தினார். அழுதாரா, சுண்ணாம்புக் காரமா, நான் கேட்கவில்லை.

நேற்று ரஃபீக் பாய் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பார்வை கம்மி என்பதால் அவர் விரலைப் பிடித்து இடம் காட்டினேன், கையெழுத்துப் போட்டார். முதலில் உங்கள் பெயர் இருக்கிறது, முதலெழுத்தோடு. அவர் பெயர். அதற்கு அடியில், படத்தைப் பார்த்துப் பொய் என்று எழுதியவள் என்று என் பெயர். என் நிறுவனத்துக்கும் எழுதிவிட்டேன், அந்த இடத்தைத் திரும்பவும் காட்டச் சொல்லி. வேலை போனாலும் போகும். பிரபு இன்னும் பேசவில்லை. ஆனால் இன்று காலை ஜெனியைக் கோயில் ஹாலில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். அவள் பாயை உதறி, கீழே தரையை ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விரித்தாராம். தனம் அக்கா சொன்னாள்.

மாமா, ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். இந்தக் கல்லறைத் திருநாளுக்கு உங்கள் மேல் ஒரு சொட்டுச் சுண்ணாம்பு விழாது. எல்லோரும் வெள்ளையடித்துச் சாமந்தி வைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பூவும் மெழுகுவத்தியும் நானும் கொண்டுவருவேன். ஆனால் வாளியில் வெறும் தண்ணீர்தான் இருக்கும், கூட ஒரு தேய்க்கும் பிரஷ். வருடா வருடம் அடித்த வெள்ளையில் உங்கள் பெயர் பாதி அடைந்துபோய்விட்டது. எவ்வளவு நேரமானாலும் சுரண்டி, அத்தனை எழுத்தையும் வெளியே எடுப்பேன். ஜெனி பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிப் படிப்பாள். தாத்தா என்ன செய்தார் என்று கேட்பாள். என்னை வேலைக்கு அனுப்பியதையும் சொல்வேன், மேட்டுக்கு அடியில் இருப்பதையும் சொல்வேன். எதையும் மூட மாட்டேன்.

இன்னும் உங்கள் மருமகள்தான்,
ஜெனியின் அம்மா ஜான்சி